வானொளியைச் சேமித்த ஆர்வலர்கள்

தை மாத இரவில் புக்கிட் தெங்காவில் நின்று அண்ணாந்து நோக்குவார்க்கு, ஓரியன் விண்மீன் கூட்டம் ஏறக்குறைய உச்சிவானிலேயே காட்சி தரும். நம் முன்னோர் திருவாதிரை எனப் பெயரிட்ட செம்மீன் அதில் அடங்கியதே. அக்கூட்டத்தின் நடுவே வரிசையாய் நிற்கும் மூன்று மீன்களுக்குத் தெற்கே, இருள் நிறைந்த இரவுகளில், புகைத்திட்டு ஒன்று மங்கலாய்த் தோன்றும். அதுவே நெபுலா என வழங்கும் விண்முகில். புதிய விண்மீன்கள் பிறக்கும் தொட்டில். அதன் உருவை முதன்முதல் நிழற்படமாக்கியவர் யார்? பெரிய வானாய்வகத்தின் தலைவரா? அல்லர்; மருத்துவக் கல்வி பயின்ற ஓர் ஆர்வலரே.

அவர் அமெரிக்கரான ஹென்றி டிரேப்பர். 1880 செப்டம்பர் 30ஆம் நாளிரவு, நிழற்படத் தகட்டின்மீது 51 நிமிடங்கள் ஒளியை விழச்செய்து அவ்வுருவைப் பதித்தார். மாந்தர் கண் எவ்வளவு நேரம் உற்று நோக்கினும் ஒளியைச் சேர்த்து வைப்பதில்லை; தகடோ துளித்துளியாய்ச் சேர்த்து வைக்கும். சிறு துளி பெருவெள்ளம் என்பது வானியலுக்கும் பொருந்தும் அன்றோ? முன்னாளைய ஈரத் தகடுகள் சில நிமிடங்களிலேயே உலர்ந்து பயனற்றுப் போயின. உலர்தகடு வந்த பின்னரே நெடுநேரப் பதிவு கைகூடிற்று. புவி சுழல்வதற்கு ஈடாகத் தொலைநோக்கியையும் பிசகாது நகர்த்தும் பொறுமை மட்டுமே எஞ்சிய தேவையாயிற்று.

அப்பொறுமை இங்கிலாந்துப் பொறியாளர் ஆண்ட்ரூ காமனிடம் இருந்தது. 1883 சனவரியில், 91 செ.மீ. ஆடி கொண்ட தொலைநோக்கியால் அவர் எடுத்த படத்தில், கண்ணுக்குப் புலப்படாத விண்மீன்களும் பதிந்திருந்தன. 1888இல் கட்டட ஒப்பந்தக்காரரான ஐசக் ராபர்ட்ஸ் ஆண்ட்ரோமெடாவைப் படமெடுத்து அதன் சுருள் வடிவை வெளிப்படுத்தினார். கதிரவ மண்டலம் போன்ற ஒன்று பிறப்பதாகவே அவர் அதனைக் கருதினார். அக்கருத்து பிழையாயிற்று, படமோ நிலைத்தது. 1923இல் எட்வின் ஹபிள் அதே ஆண்ட்ரோமெடாவின் படங்களில் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டு, அது நம் பால்வழிக்கு அப்பாலுள்ள தனி விண்மீன் திரள் என நிறுவினார். அங்கிருந்து புறப்படும் ஒளி நம்மை அடைய ஏறத்தாழ 25 இலட்சம் ஆண்டுகள் ஆகின்றன.

டிரேப்பர் முதலியோர் வசதி படைத்தவர்கள் என்பது மெய்யே. ஆயினும் செல்வம் கருவியை வாங்கித் தரும். விழித்திருக்கும் மனத்தைத் தராது. 2022இல் ஐரோப்பிய ஆர்வலர் சிலர், உயிர்வளி வெளியிடும் ஒளியை மட்டும் வடிகட்டிப் பல இரவுகள் படமெடுத்து, ஆண்ட்ரோமெடாவின் அருகே யாரும் அறிந்திராத ஒளிவில் ஒன்றைக் கண்டனர். வானியலறிஞருடன் இணைந்து 1923க்கு நூறாண்டு கழித்து, 2023இல் அதனை உலகுக்கு அறிவித்தனர். எண்ணற்றோர் படமெடுத்த வானத்திலேயே அது மறைந்திருந்தது!

பட்டமும் பதவியும் இல்லாதார்க்கும் வானம் கதவடைப்பதில்லை. நகரொளி மிகுந்த இந்நாளில், இருளைத் தேடிச் சென்று காத்திருக்கும் மாணவனுக்கும் அங்கே ஓர் இடமுண்டு.