படிமமும் பாடமும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு நூலைப் பாதுகாத்தல் வேறு. அதன் பாடத்தைப் பாதுகாத்தல் வேறு. கணனியில் உருவம் மாறாது பேணப்படும் ஆவணங்களைத் திருத்தக்கூடிய எழுத்துக்கோப்புகளாக மாற்றும் முயற்சியின் வரலாற்றை நோக்குமிடத்து இவ்வுண்மை புலனாகும்.

1991ஆம் ஆண்டில் அடோபி நிறுவனத்தைச் சேர்ந்த ஜோன் வார்னொக், எந்தக் கணனியிலும் ஒரே தோற்றத்துடன் காணத்தக்க ஆவணம் பற்றிய திட்டமொன்றை எழுதினார். அதன் விளைவாக 1993இல் பீ.டி.எஃப். வடிவம் வெளிவந்தது, 2008இல் அது சர்வதேச நியமமாகவும் ஏற்கப்பட்டது. அச்சிட்ட தாளின் தோற்றத்தை நிலைநிறுத்துவதே இவ்வடிவத்தின் முதல் நோக்கமாகும். எந்த எழுத்துருவம் பக்கத்தின் எவ்விடத்தில் அமையவேண்டும் என்பதையே அது முதன்மையாகப் பதிவுசெய்கின்றது. சொல், வாக்கியம், பந்தி என்பன அதனுள் இருந்தேயாகவேண்டும் என்ற நியதி இல்லை.

தமிழைப் பொறுத்தவரை இச்சிக்கல் மேலும் கடினமானது. 'கொ' என்னும் எழுத்து கண்ணுக்குக் கொம்பு, ககரம், அரவு என்னும் வரிசையில் தோன்றுகின்றது. ஒருங்குறியிலோ மெய்க்குரிய குறி முன்னும் உயிர்க்குறி பின்னுமாக அமையும். எனவே தோற்ற வரிசைப்படி பிரித்தெடுக்கும்போது எழுத்துக்கள் நிலைமாறுகின்றன. பாமினி போன்ற எழுத்துருக்களில் ஆக்கப்பட்ட ஆவணங்களின் நிலை வேறானது. திரையில் தமிழாகத் தோன்றுபவை உள்ளே ரோம எழுத்துக்களின் குறிகளாகவே உள்ளன. இவற்றை ஒப்பீட்டு அட்டவணை கொண்டு மாற்றிவிடலாம். ஆனால், ஒளிவருடிய பழைய நூல்களில் குறிகளே இல்லை. பக்கத்தின் படம் மட்டுமே உண்டு. அங்கு கணனி எழுத்தைக் கண்டு வாசிக்க வேண்டியுள்ளது. 1985 முதல் 1994 வரை ஹியூலெற் பக்காட் நிறுவனத்தில் உருவாக்கப்பட்டு, 2005இல் யாவருக்கும் திறந்துவிடப்பட்ட ரெசரக்ற் என்னும் செய்நிரல் இத்துறையில் முக்கியமானது. அது பின்னர் தமிழையும் வாசிக்கப் பயிற்றப்பட்டது.

இத்தகைய வாசிப்பு நமக்குப் புதியதன்று. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832-1901) ஏடுகளை அச்சேற்றியபோது எதிர்கொண்டதும் இதனையொத்த சிக்கலே. ஏட்டில் மெய்களுக்குப் புள்ளி இடப்படுவதில்லை. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் காட்டப்படுவதில்லை. அரவும் ரகரமும் ஒரே வடிவின. இன்றைய கணனியும் அரவையும் ரகரத்தையும் மயங்கி வாசிப்பதுண்டு. எனினும் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. தாமோதரம்பிள்ளை பல பிரதிகளை ஒப்புநோக்கி, பொருளை உணர்ந்து பாடத்தைத் துணிந்தார். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையுடன் 1868இலும் கலித்தொகையை 1887இலும் அவர் வெளியிட்டமை இத்தகைய உழைப்பின் பயனாகும். கணனி வடிவத்தைக் காண்கின்றதேயன்றி, துணிந்த பாடத்துக்குப் பொறுப்பேற்பதில்லை.

1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டு, ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஒரே பிரதியை நம்பியிருத்தலின் பேராபத்தை அந்நிகழ்வு உணர்த்திற்று. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் இலக்கியங்களை எழுத்துக்கோப்புகளாக வழங்கிற்று. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பெரும்பாலும் பக்கப் படிமங்களாகத் தொகுத்து வருகின்றது. படிமம் நூலைக் காக்கின்றது. ஆயினும் அதனுள் ஒரு சொல்லைத் தேடவோ, இரு பதிப்புகளை ஒப்பிடவோ, விழிப்புலனற்ற மாணவனொருவன் கணனியின் குரல்வழி கேட்கவோ எழுத்துக்கோப்பே வேண்டும்.

ஆகவே மாற்றுதல் இன்றியமையாதது, சரிபார்த்தலும் அவ்வாறே. ஏட்டுப் பிழை ஓர் ஏட்டோடு நின்றிருக்கலாம். கணனிப் பிழையோ கணப்பொழுதில் ஆயிரம் பிரதிகளாகப் பெருகும். மாற்றிய பாடத்தோடு மூலப் படிமத்தையும் சேர்த்துப் பேணுதலும், மெய்ப்புப் பார்த்தவர் யார் என்பதைக் குறித்தலும் குறைந்தபட்ச நெறிகளாகக் கொள்ளப்படவேண்டும். எழுதுகருவி மாறினும் பதிப்பாசிரியரின் கடமை மாறவில்லை என்பதே இவ்வரலாறு நமக்கு உணர்த்தும் பாடமாகும்.