பெயர்த்துச் செல்லும் கொட்டகைகள்

முதல் உலகப் போர்க் கால விமானங்கள் பெரும்பாலும் மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்திச் செய்யப்பட்டவை. நனைந்தால் துணி தொய்யும், மரம் முறுக்கிக்கொள்ளும். வெட்டவெளியில் விட்டுவைக்க வழியில்லை. போர்முனையோடு விமானத்தளமும் இடம் மாறியதால் நிலையான கட்டடமும் உதவவில்லை. பிரான்சின் ஆஞ்சே நகரத்துப் பெசோனோ நிறுவனம் செய்த கொட்டகை இந்தச் சிக்கலைத் தீர்த்தது: மரச்சட்டங்களை நிறுத்தி, அவற்றின் மேல் கித்தானை இழுத்துக் கட்டினார்கள். பழகிய இருபது பேர் இரண்டு நாளில் எழுப்பிவிடுவார்கள். பிரிட்டிஷ் விமானப்படையும் இதையே நம்பியிருந்தது. ஆனால் கித்தான் மழையில் இற்றுப்போகும், புயற்காற்றில் கிழியும்.

1916இல் சுரங்கப் பொறியாளரான மேஜர் பீட்டர் நார்மன் நிஸ்ஸென் அரைவட்டமாக வளைத்த நெளிதகரத்தால் ஒரு குடில் வடிவமைத்தார். சுவரும் கூரையும் ஒன்றே; உண்மையிலேயே மேதைமை மிக்க எளிமை அது. பாகங்கள் அனைத்தும் ஒரே இராணுவ வண்டியில் அடங்கின. ஆறு பேர் நான்கு மணி நேரத்தில் பூட்டி முடித்தனர். படைவீரர்கள் தங்கவும் பொருள்களை அடுக்கவும் அது பயன்பட்டது.

1941இல் அமெரிக்கக் கடற்படை இதே வடிவத்தை மேம்படுத்தி, ரோட் ஐலண்டில் உள்ள குவான்செட் முனையின் பெயரைச் சூட்டியது. போருக்குப் பின் மிஞ்சியவை பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. பல, வண்டிக் கொட்டகைகளாகவும் பண்ணைக் கிடங்குகளாகவும் மாறின.

இன்று கார் நிறுத்த வாங்கும் குழாய்ச்சட்டக் கொட்டகைக்கும் காற்றே பெரும்பகை. துணியின் தடிமனுக்கு முன்னால், சட்டத்தைத் தரையோடு பிணைக்கும் முளைகளைச் சோதித்து வாங்க வேண்டும்.