நம்ம ஊரு ஃபோட்டோ வாத்தியார் ஒரு டாக்டர்!

நைட் டியூட்டி முடிஞ்சு ஆர்.ஏ.புரத்துல ஃபிலிம் கேமராவோட சுத்துறேன். "டாக்டருக்கு எதுக்குய்யா இது?"ன்னு கேக்குறீங்கல்ல?

அலெக்சாண்டர் ஹன்டர்னு ஒரு சர்ஜன். 1850ல மெட்ராஸ்ல ஓவியப் பள்ளி ஆரம்பிச்சார். முதல்ல சொந்தக் காசு! இன்னைக்கு அரசு கவின் கலைக் கல்லூரியா நிக்கிறது அதுதான். சீக்கிரமே அங்க ஃபோட்டோகிராஃபியும் பாடமாச்சு.

அதே காலத்துல இங்க அரசு ஃபோட்டோகிராஃபரா இருந்தவர் கேப்டன் லின்னேயஸ் ட்ரைப். 1858ல தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு வரிசையை எடுத்தார். ஃபிலிம் ஏது? மெழுகு ஏத்தின காகிதம்தான் நெகட்டிவ். 21 பிரிண்ட்டை வரிசையா ஒட்டி ஒரே நீளப் படமாக்கினார். அது இன்னும் இருக்கு.

ஆனா கவர்னர் ட்ரெவெலியன், இதெல்லாம் ஆடம்பரம்னு அந்த வேலையையே நிறுத்திட்டார்.

ஃபிலிம் ரோல் விலையைச் சொன்னா எங்க வீட்லயும் அதே பேச்சுதான்.