ட்யூப்லைட்டுக்குக் கடிவாளம் மாத்தின கதை

ஜோக்கு சொல்லி அஞ்சு நிமிஷம் கழிச்சுச் சிரிக்கிறவனுக்கு நம்மூர்ல "ட்யூப்லைட்"னு பேரு. பாவம், குழாய் மேல தப்பே இல்லீங்க. ஃபிட்டிங்குக்குள்ள உக்காந்திருந்த சோக்கும் ஸ்டார்ட்டரும் பண்ணின வேலை அது. ரெண்டு மூணு தடவை கண்ணடிச்சு, கொஞ்சம் முனகிட்டு, அப்புறம்தான் எரியும். அந்த கனமான இரும்புச் சோக்கை ஆபீஸ் கட்டடங்கள்ல இருந்து கிளப்பின கதைதான் இந்தப் பதிவு. கதை நடந்தது அமெரிக்காவுல, கலிஃபோர்னியாவுல.

1973 அக்டோபர்ல அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை போட்டாங்க. அமெரிக்காவுல பெட்ரோல் பங்க் வாசல்ல நீள நீளமா க்யூ. பெர்க்லி ஆராய்ச்சிக் கூடத்துல ஆர்தர் ரோசன்ஃபெல்ட்னு ஒரு துகள் இயற்பியலாளர். என்ரிகோ ஃபெர்மிகிட்ட டாக்டர் பட்டத்துக்குப் படிச்சவர்னா பாத்துக்குங்க. நவம்பர்ல ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி வீட்டுக்குக் கிளம்புறப்போ பார்த்தார். அவர் மாடியில இருக்குற 20 ரூம்லயும் விளக்கு எரியுது, ஆளைக் காணோம். மனுஷன் மனக்கணக்கு போட்டார். வாரக் கடைசி முழுக்க இதெல்லாம் எரிஞ்சா கிட்டத்தட்ட 100 கேலன் எண்ணெய்க்குச் சமம். அவரோ சில கேலன் பெட்ரோலுக்கு அரை மணி நேரம் க்யூவுல நிக்கணும்!

சரி, அணைச்சுட்டுப் போவோம்னா சுவிட்ச்சைக் காணோம். பீரோவுக்குப் பின்னாடி ஒண்ணு, புத்தக அலமாரிக்குப் பின்னாடி ஒண்ணு, போஸ்டருக்கு அடியில ஒண்ணு. தேடித் தேடி அணைக்க 20 நிமிஷம் ஆச்சு. சுவிட்ச் எங்கேன்னே யாருக்கும் தெரியாத அளவுக்கு அங்க கரண்ட் மலிவு. அடுத்த சில வருஷத்துல துகள் இயற்பியலை மூட்டை கட்டி வச்சிட்டு, கட்டடங்கள்ல மின்சாரத்தை எப்படி மிச்சம் பிடிக்கலாம்னு ஆராய ஒரு குழுவையே ஆரம்பிச்சார்.

அந்தக் குழுவுக்கு வந்த இன்னொரு இயற்பியலாளர் சாம் பெர்மன். இவர் கை வச்ச இடம்தான் சோக்.

சோக் எதுக்கு? ட்யூப்லைட்டை நேரா கரண்ட்ல மாட்டினா உள்ள இருக்குற வாயு கட்டுப்பாடில்லாம கரண்ட்டை இழுத்து, குழாயே காலி. அதுக்கு ஒரு கடிவாளம் வேணும். இரும்பையும் செம்புக் கம்பியையும் வச்சுப் பண்ணின கடிவாளம்தான் சோக். ஆனா அது தானே சூடாகி கரண்ட்டைத் தின்னும். ரெண்டு 40 வாட் குழாய் மாட்டின ஆபீஸ் விளக்கு சுமார் 95 வாட் எடுத்துக்கும். அதே குழாயை விநாடிக்கு 60 தடவைக்குப் பதிலா 20,000 தடவைக்கு மேல மாறுற மின்சாரத்துல ஓட்டினா, அதே கரண்ட்டுக்குப் பத்து சதவீதம் போல கூடுதல் வெளிச்சம் கிடைக்கும், முனகல் காதுல விழாது, கண்ணடிக்கிறதும் தெரியாது. கடிவாளத்துல வீணாகுறதும் குறையும். மொத்தத்துல அதே வெளிச்சத்துக்கு 70 சொச்சம் வாட் போதும். இதுதான் எலக்ட்ரானிக் சோக், அவங்க பாஷையில பேலஸ்ட்.

இதெல்லாம் ஆய்வுக்கூடத்து மேஜையில ஏற்கெனவே தெரிஞ்ச சங்கதிதான். அப்புறம் ஏன் கடைக்கு வரலை? அமெரிக்காவுல சோக் வியாபாரம் ஒரு சில பெரிய கம்பெனிங்க கையில இருந்துச்சு. இரும்புச் சோக் நல்லா ஓடுது, யாரும் குறை சொல்லலை, எதுக்கு வம்புன்னு அவங்க ஆர்வம் காட்டலை. வாங்குறவனுக்கு வேற பயம். ஆயிரக்கணக்குல விளக்கு இருக்குற கட்டடத்துல புதுசை மாட்டி, ஆறு மாசத்துல புட்டுக்கிச்சுன்னா யார் தலை உருளும்? மத்த கருவிகளோட சேர்ந்து ஒழுங்கா வேலை செய்யுமா? அடுத்தவன் மாட்டட்டும், பார்த்துட்டு வாங்கிக்கலாம்னு எல்லாருமே நினைச்சா ஒரு சோக் கூட விக்காது.

பெர்மன் குழு அரசாங்கப் பணத்தைச் சின்னக் கம்பெனிகளுக்குக் கொடுத்து சோக் செய்ய வச்சுது. 1970-களோட பின்பாதியில, சான் ஃபிரான்சிஸ்கோவுல பசிபிக் காஸ் அண்ட் எலக்ட்ரிக் கம்பெனியோட வானளாவிய தலைமை அலுவலகத்துல, ஆளுங்க வேலை பார்க்கிற மாடிகள்லயே மாட்டி அளந்தாங்க. கரண்ட் விக்கிற கம்பெனியே கரண்ட்டை மிச்சம் பிடிக்கிற கருவிக்குச் சோதனைச்சாலை! நிஜமாவே கால்பங்கு போல மிச்சமாச்சு. மேஜை மேல போட்ட கணக்கு கட்டடத்துலயும் நின்னுச்சு. ஆனா யாரும் அடிச்சுப் பிடிச்சு வாங்கிடலை. 1988-ல சோக்குக்கே குறைந்தபட்சத் திறன் இவ்வளவு இருக்கணும்னு அமெரிக்காவுல சட்டம் வந்துச்சு. 2000-ல அந்த விதியை இன்னும் இறுக்கினாங்க. அதுக்கப்புறம்தான் இரும்புச் சோக் மெல்ல விடைபெற்றுச்சு.

2001-ல அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் கணக்குப் பார்த்துச்சு. எலக்ட்ரானிக் சோக்குக்கு அரசாங்கம் போட்டது சுமார் 60 லட்சம் டாலர். நாட்டுக்குக் கிடைச்ச நிகர லாபம் சுமார் 1500 கோடி டாலர். ஹோல்டர்ல அப்படியே மாட்டுற சி.எஃப்.எல். பல்பு கைக்கடக்கமா வந்ததும், அதோட கழுத்துக்குள்ள இதே சோக் குட்டியாகி உக்காந்ததாலதான்.

இந்தப் பாடத்தை அமெரிக்க அரசு 2011-ல ஒரு திட்டமாவே ஆக்கிச்சு. தன்னோட சொந்தக் கட்டடங்கள்ல புதுக் கருவிகளை மாட்டி, அளக்குற வேலையைத் தேசிய ஆய்வுக்கூடங்ககிட்ட விட்டுச்சு. அர்கன்சா மாநிலத்துல பைன் பிளஃப் ஊர் நீதிமன்றக் கட்டடத்துல காந்தத்துல மிதக்குற கம்ப்ரெஸர் வச்ச ஏ.சி. இயந்திரத்தைப் போட்டப்போ, பழசோட ஒப்பிட்டா 42 சதவீதம் மிச்சம். சொன்னது விக்கிறவன் இல்ல, மீட்டர் வச்சுப் பார்த்தவன்.

எனக்கு இதுல பிடிச்சதே அந்தப் புள்ளிதான். கண்டுபிடிக்கிறவனைக் கொண்டாடுறோம், சரி. தன் கட்டடத்துல முதல்ல மாட்டிப் பார்க்கச் சம்மதிச்சவனும், கூடக் குறைச்சுச் சொல்லாம அளந்து எழுதினவனும் இல்லாட்டி அந்தக் கண்டுபிடிப்பு மேஜையிலயே தூங்கியிருக்கும். பொதுக் கட்டடத்துக்கு கரண்ட் பில் கட்டுறது நம்ம வரிப்பணம். அங்கதான் முதல்ல சோதிச்சுப் பார்க்கணும், ரிசல்ட்டை எல்லாருக்கும் சொல்லவும் செய்யணும்.

ரோசன்ஃபெல்ட் 2017 ஜனவரியில காலமானார். வருஷத்துக்கு 300 கோடி யூனிட் மின்சாரத்தை மிச்சம் பிடிச்சா அதுக்கு "ஒரு ரோசன்ஃபெல்ட்"னு பேர் வைக்கலாம்னு 2010-லயே விஞ்ஞானிகள் முன்மொழிஞ்சிருந்தாங்க. இப்போ எல்.ஈ.டி. வந்து குழாயும் போச்சு, சோக்கும் போச்சு. ஜோக்குக்கு லேட்டா சிரிக்கிறவனுக்குத்தான் இனி வேற பேர் தேடணும்!