கல்யாண பாலிசியின் சின்ன எழுத்துகள்

கடையநல்லூரில் ஒரு கல்யாணம் என்றால் மண்டபத்துக்கு மாதக்கணக்கில் முன்பே அட்வான்ஸ் கொடுத்துவிட வேண்டும். அப்புறம் பந்தல்காரர், சமையல் மாஸ்டர், லைட் செட், வீடியோ, பத்திரிகை அச்சடிக்கும் செலவு... மாப்பிள்ளை துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்ப்பவராக இருந்தால் (இந்த ஊரில் அது ரொம்ப சகஜம்) விமான டிக்கெட் வேறு. கல்யாணம் நின்றுபோனால் இந்த அட்வான்ஸ்கள் திரும்பி வருமா? பெரும்பாலும் வராது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்காசி, திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி ஆகிய நான்கு மாவட்டங்களில் கொட்டிய மழை பலருக்கும் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பதிவானது. டிசம்பர் 17 அன்றுதான் மார்கழி பிறந்தது. அதனால் இந்து வீடுகளில் முகூர்த்தம் இல்லை. மழை நாலு நாள் முந்தி வந்திருந்தால் எத்தனை கார்த்திகை முகூர்த்தங்கள் தண்ணீரில் போயிருக்கும்!

இந்த மாதிரி நஷ்டத்துக்குத்தான் நிகழ்ச்சிக் காப்பீடு, அதாவது ஈவென்ட் இன்சூரன்ஸ் இருக்கிறது. கல்யாணம், கச்சேரி, மாநாடு, கிரிக்கெட் மேட்ச் எல்லாவற்றுக்கும் உண்டு. ஆனால் பாலிசியைக் கையில் வாங்கினால் பக்கம் பக்கமாகச் சின்ன எழுத்து. "இவற்றுக்குப் பொறுப்பில்லை" என்று ஒரு நீண்ட பட்டியல். யாரோ ஒரு வக்கீல் வேலை இல்லாமல் உட்கார்ந்து எழுதியது போலத் தோன்றும். அப்படி இல்லை. அந்த ஷரத்துகள் பலவற்றுக்குப் பின்னால் தேதியும் இடமும் உள்ள ஒரு நிஜ சம்பவம் இருக்கிறது. அது தெரிந்தால் ஷரத்து எளிதாகப் புரிந்துவிடும்.

கதை லண்டனில் ஆரம்பிக்கிறது. ஏழாம் எட்வர்டுக்கு 1902 ஜூன் 26 அன்று முடிசூட்டு விழா என்று அறிவித்திருந்தார்கள். ஊர்வலம் போகும் தெருக்களில் மாடி ஜன்னல்களுக்கு எல்லாம் வாடகை! இரண்டு நாள் முன்பு, ஜூன் 24 அன்று, ராஜாவுக்கு வயிற்றில் ஆபரேஷன். விழா தள்ளிப்போய் ஆகஸ்ட் 9 அன்றுதான் நடந்தது. ஜன்னல் பிடித்தவர்களும் கொடுத்தவர்களும் கோர்ட்டுக்குப் போனார்கள்.

அதில் இரண்டு வழக்குகளை இன்றைக்கும் சட்டக் கல்லூரிகளில் பாடமாக நடத்துகிறார்கள். ஹென்றி என்பவர் ஊர்வலம் பார்ப்பதற்காக பால் மால் தெருவில் கிரெல் என்பவரின் அறைகளை 75 பவுண்டுக்குப் பேசி, 25 பவுண்டு அட்வான்ஸ் கொடுத்திருந்தார். மீதி 50 பவுண்டைத் தர வேண்டியதில்லை என்று தீர்ப்பு. ஊர்வலமே இல்லாதபோது அறை எதற்கு? இன்னொருவர் ஹட்டன். முடிசூட்டு விழாவை ஒட்டி ராஜா கடற்படையைப் பார்வையிடும் நிகழ்ச்சி இருந்தது. அங்கே ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்க் காட்ட 250 பவுண்டுக்கு ஒரு நீராவிக் கப்பலைப் பேசியிருந்தார். ராஜா வரவில்லை, ஆனால் போர்க்கப்பல்கள் அங்கேயேதான் நின்றன, சுற்றிப் பார்க்கலாமே என்று சொல்லி, மீதிப் பணத்தைக் கொடுக்கச் சொல்லிவிட்டது கோர்ட்.

காரணம் ஒரே ஆபரேஷன். முடிவு மட்டும் இரண்டு விதம். இன்றைய பாலிசிகளில் "தவிர்க்க முடியாத ரத்து" என்று ஒரு சொல் வரும். நிகழ்ச்சியை நடத்தவே முடியாமல் போனால்தான் பணம். கூட்டம் குறைவு, வசூல் இல்லை, சுவாரசியம் போச்சு என்பதெல்லாம் கணக்கில் வராது. ஹட்டன் இன்று பாலிசி எடுத்திருந்தாலும் அவருக்கு இதே பதில்தான் கிடைத்திருக்கும்.

அடுத்தது மழை. பிரிட்டனில் 1920களில் 'ப்ளூவியஸ்' என்ற பெயரில் மழை இன்சூரன்ஸ் பிரபலமானது. ரோமானியர்களின் மழைக் கடவுளின் பெயர் அது. விளையாட்டுப் போட்டி, தோட்ட விருந்து நடத்துபவர்கள் வாங்குவார்கள். குறித்த நேரத்துக்குள் குறித்த மழைமானியில் குறித்த அளவு பதிவானால் பணம். குற்றாலத்துச் சாரல் மாதிரி நாள் முழுக்கத் தூறி எல்லோரையும் நனைத்தாலும், அளவு எட்டவில்லை என்றால் ஒன்றும் கிடையாது.

இப்போதைய நிகழ்ச்சி பாலிசிகளில் மழை பெரும்பாலும் தனியாகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டிய ஒன்று, அதுவும் திறந்தவெளி நிகழ்ச்சி என்றால். நிகழ்ச்சிக்கு இத்தனை நாள் முன்பே வாங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்து வரும். வானிலை மையம் சிவப்பு எச்சரிக்கை கொடுத்த பிறகு ஓடிப்போய் பாலிசி கேட்டால் கிடைக்காது. ஏற்கெனவே தெரிந்த ஆபத்துக்குக் காப்பீடு இல்லை. வீடு எரியும்போது தீ இன்சூரன்ஸ் எடுக்க முடியாது, அவ்வளவுதான் விஷயம்.

ஆட்கள் சம்பந்தப்பட்ட ஷரத்து இன்னும் சிக்கலானது. மைக்கேல் ஜாக்சன் லண்டனில் 50 கச்சேரிகள் செய்வதாக இருந்தது. தொடங்கும் முன்பே 2009 ஜூன் 25 அன்று இறந்துபோனார். அமைப்பாளர்கள் 1.75 கோடி டாலருக்கு லாயிட்ஸ் சந்தையில் பாலிசி எடுத்திருந்தார்கள். உடல்நிலை பற்றியும் மருந்துகள் பற்றியும் முழு விவரம் தரவில்லை என்று இன்சூரன்ஸ்காரர்கள் 2011ல் வழக்குப் போட்டார்கள். 2012ல் அமைப்பாளர்கள் கிளெய்மையே கைவிட்டார்கள்.

இதற்கு வேர் 1766ல் இருக்கிறது. கார்ட்டர் எதிர் போம் என்ற வழக்கில் மேன்ஸ்ஃபீல்ட் பிரபு, காப்பீடு எடுப்பவர் தனக்கு மட்டும் தெரிந்த முக்கிய விவரத்தை மறைக்கக்கூடாது என்ற விதியை நிலைநாட்டினார். இந்தியாவிலும் அதேதான். 2009ல் சத்வந்த் கௌர் சந்து வழக்கில், உடல்நிலையை மறைத்து எடுத்த பாலிசிக்குப் பணம் தர வேண்டியதில்லை என்று உச்சநீதிமன்றம் சொன்னது.

கல்யாணத்துக்கு இது எப்படிப் பொருந்தும்? பாலிசியில் யார் யார் பெயர் இருக்கிறதோ அவர்களுக்கு விபத்தோ மரணமோ நேர்ந்தால்தான் ரத்துச் செலவு கிடைக்கும். பெண்ணின் தாத்தா பெயரை எழுதவில்லை, அவர் முந்தின நாள் இறந்துவிட்டார் என்றால் கல்யாணம் நிற்கும், பணம் வராது. தாத்தா மாதக்கணக்கில் படுக்கையில் இருந்தவர் என்றால், பெயர் எழுதியிருந்தாலும் கேள்வி வரும். இந்தியக் கல்யாண பாலிசிகளில் பெரும்பாலும் விலக்கி வைக்கப்படுபவை இன்னும் சில உண்டு: இரு வீட்டார் சண்டை, மாப்பிள்ளையோ பெண்ணோ மனம் மாறுவது, விமானம் தாமதமாகி மாப்பிள்ளை வந்து சேராதது. கடைசியில் சொன்னது கடையநல்லூர்க்காரர்கள் இரண்டு தடவை படிக்க வேண்டிய ஷரத்து :-)

இனி சிரிக்க முடியாத இடம். 2004 ஜனவரி 23, ஸ்ரீரங்கம். ஒரு திருமண மண்டபத்தின் மாடியில் கீற்றுப் பந்தல் போட்டு முகூர்த்தத்துக்கு எல்லோரும் கூடியிருந்தார்கள். பந்தலில் தீப்பிடித்தது. காய்ந்த ஓலைக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? மாப்பிள்ளை உட்பட 50 பேருக்கு மேல் இறந்தார்கள். அதே வருடம் ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்துக் கீற்றுக் கூரை எரிந்து 94 குழந்தைகள் இறந்தது நாடு முழுக்கத் தெரியும். அந்தத் துயரத்தின் அளவில் ஸ்ரீரங்கம் பலருக்கு மறந்தே போய்விட்டது.

இத்தகைய சம்பவத்தை மனதில் வைத்துப் படித்தால் பாலிசியின் இரண்டு பகுதிகள் புரியும். ஒன்று, பொதுப் பொறுப்பு. விருந்தினர்களோ அக்கம்பக்கத்தாரோ காயமடைந்தால், இறந்தால், சட்டப்படி நடத்துபவர் தர வேண்டிய இழப்பீட்டை காப்பீட்டு நிறுவனம் கட்டும். கல்யாணக்காரர்களில் நிறையப் பேர் பார்ப்பது அட்வான்ஸ் பணம் திரும்ப வருமா என்பதை மட்டும்தான். உண்மையில் ஒரு குடும்பத்தைத் தலைமுறைக்கும் கடனாளியாக்கக் கூடியது இந்தப் பொறுப்புதான்.

இரண்டாவது, "நியாயமான கவனம்" என்ற நிபந்தனை. தீயணைப்புத் துறை அனுமதி, முறையான மின் இணைப்பு, தடையில்லாத வாசல் ஆகியவை இருக்க வேண்டும், சட்டம் சொன்னதைச் செய்திருக்க வேண்டும். பந்தல்காரர் கம்பத்தில் கொக்கி போட்டு மின்சாரம் எடுத்து, அதனால் தீப்பிடித்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது அதைத்தான். பாலிசி இருக்கிறதே என்று பாதுகாப்பைக் கைவிட்டால் பாலிசியும் சேர்ந்து கைவிட்டுவிடும்.

பயங்கரவாதம் தொடர்பான ஷரத்துக்கு வயது குறைவு. 2001 செப்டம்பர் 11 தாக்குதல் நடந்த அடுத்த மாதமே, 2002 கால்பந்து உலகக் கோப்பைக்குத் தந்திருந்த ரத்துக் காப்பீட்டை பிரெஞ்சு நிறுவனமான ஆக்ஸா விலக்கிக்கொண்டது. ஃபிஃபா வேறு இடம் தேடி, வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாதவேயிடம் போனது. கொடுத்த பாலிசியையே காப்பீட்டு நிறுவனம் திரும்பப் பெறும் ஒரு ஷரத்து உண்டு என்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. இந்தியாவிலும் 2002 ஏப்ரலில் நிறுவனங்கள் சேர்ந்து பயங்கரவாத ஆபத்துக்கென்று தனியாக ஒரு பொது நிதியை அமைத்தன. அன்றிலிருந்து அது தனிப் பிரீமியம் கட்டி வாங்க வேண்டிய சமாசாரம்.

தொற்றுநோயும் அப்படித்தான். 2003ல் சார்ஸ் பரவியபோது விம்பிள்டன் நடத்துபவர்கள் யோசித்துத் தொற்றுநோயையும் காப்பீட்டில் சேர்த்தார்கள். வருடா வருடம் பிரீமியம் கட்டினார்கள். தண்டச் செலவு என்று யாராவது சொல்லியும் இருக்கலாம். 2020ல் கோவிட் வந்து போட்டி ரத்தானது. 10 கோடி பவுண்டுக்கும் மேல் கிடைத்தது. இங்கே 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கி, பங்குனி, சித்திரைக் கல்யாணங்கள் எல்லாம் வீட்டு வாசலுக்குள் சுருங்கின. அதற்குப் பிறகு எழுதப்பட்ட பெரும்பாலான பாலிசிகளில் "தொற்றுநோய்க்குப் பொறுப்பில்லை" என்ற வரி வந்துவிட்டது.

இனி காப்பீட்டுத் தொகைக்கு வருவோம். மும்பை கிங்ஸ் சர்க்கிளில் பிள்ளையார் வைக்கும் ஜி.எஸ்.பி. சேவா மண்டல் 2025ல் 474.46 கோடி ரூபாய்க்குக் காப்பீடு எடுத்தது என்று பத்திரிகைகளில் பெரிதாக வந்தது. படித்தவர்கள் ஏதாவது ஆனால் 474 கோடி கிடைக்கும் என்று நினைத்திருப்பார்கள். பிரித்துப் பார்த்தால் 375 கோடி தொண்டர்கள், பூசாரிகள், சமையல்காரர்கள் போன்றோரின் தனிநபர் விபத்துக்கு. 67.03 கோடி தங்க, வெள்ளி நகைகளுக்கு. பொதுப் பொறுப்புக்கு 30 கோடி. மீதி தீ, நிலநடுக்கம் முதலியவற்றுக்கு. ஒரு பெட்டியில் இருக்கும் பணத்தை இன்னொன்றுக்கு மாற்ற முடியாது. கல்யாண பாலிசியும் இதே அமைப்புதான். "10 லட்சம் பாலிசி" என்று ஏஜென்ட் சொன்னால், ரத்துக்கு எவ்வளவு, பொறுப்புக்கு எவ்வளவு, நகைக்கு எவ்வளவு என்று கேட்க வேண்டும். எக்ஸஸ் என்று ஒன்று இருக்கும், அதாவது நஷ்டத்தில் முதலில் இவ்வளவு ரூபாய் நம் கணக்கு. அதையும் கேட்க வேண்டும்.

ஷரத்துகள் எல்லாமே நிறுவனத்துக்குச் சாதகம் என்றும் சொல்லிவிட முடியாது. சந்துமல் ஜெயின் வழக்கில் 1966லேயே உச்சநீதிமன்றம், பாலிசி வாசகம் தெளிவில்லாமல் இருந்தால் அதை எழுதிய நிறுவனத்துக்கு எதிராகத்தான் பொருள் கொள்ள வேண்டும் என்றது. 2022 நவம்பரில் டெக்ஸ்கோ வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனது. தரைத்தளத்துக்குக் கீழே இருந்த ஒரு கடைக்கு பாலிசி கொடுத்து, பிரீமியமும் வாங்கிக்கொண்டு, தீப்பிடித்த பிறகு "கீழ்த்தளத்துக்குப் பொறுப்பில்லை என்று ஷரத்து இருக்கிறதே" என்று கையை விரித்தார்கள். வாங்கியவருக்கு எடுத்துச் சொல்லாத, பாலிசியின் நோக்கத்தையே அழிக்கும் விலக்கு ஷரத்து செல்லாது என்று தீர்ப்பு வந்தது.

ஆகவே பாலிசி எடுக்கும்போது மண்டபம் எங்கே, பந்தல் கீற்றா தகரமா, எத்தனை பேர் வருவார்கள், மாப்பிள்ளை எந்தத் தேதியில் எங்கிருந்து வருகிறார் என்பதையெல்லாம் எழுத்தில் கொடுத்து, அதன் நகலை வைத்துக்கொள்வது நல்லது. பந்தல்காரருக்கும் சமையல் மாஸ்டருக்கும் கொடுத்த அட்வான்ஸுக்கு ரசீது வாங்குவதும் அப்படியே. வாய்ப்பேச்சில் கைமாறிய பணத்தை எந்த சர்வேயரும் கணக்கில் எடுக்க மாட்டார். தென்காசிப் பக்கம் கல்யாண அட்வான்ஸில் பாதி இன்னமும் வெற்றிலைத் தட்டில் வைத்துத்தான் கைமாறுகிறது.