பல்லுக்குப் பீங்கான் வந்த கதை

நம் வீட்டு அடுக்களையில் ஒரு பீங்கான் கோப்பையாவது இருக்கும். காலையும் மாலையும் அதில் கோப்பி ஊற்றிக் குடிக்கிறோம். எத்தனை ஆண்டு புழங்கினாலும், கழுவித் துடைத்தால் அதன் வெண்மை மங்குவதில்லை. இந்தக் குணத்தைக் கண்டுதான் பீங்கானைப் பல்லுக்கும் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் பிறந்தது. அது ஏறத்தாழ 250 ஆண்டுக் கதை. அதில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

அக்காலத்து ஐரோப்பாவில் பல்லிழந்த செல்வர்கள், யானைத் தந்தத்திலும் நீர்யானைப் பல்லிலும் செதுக்கிய பொய்ப்பற்களை அணிந்தார்கள். அவை எச்சிலில் ஊறி நாற்றமெடுக்கும், நிறமும் மாறும். பிரான்சு நாட்டில் துஷாத்தோ என்ற மருந்துக் கடைக்காரர் இந்தத் தொல்லையால் அவதிப்பட்டார். தம் பற்களில் ஏறிய கறை, கடையிலிருந்த பீங்கான் கலங்களில் ஏறவில்லையே என்று அவர் யோசித்ததாகச் சொல்வார்கள். 1774-ஆம் ஆண்டையொட்டி, பாரிசில் ஒரு பீங்கான் ஆலையில் தமக்குப் பல்செட் செய்வித்தார். சூளையில் வெந்ததும் பீங்கான் சுருங்கிவிட்டது; வாயில் பொருந்தவில்லை. பின்னர் தெ ஷெமான் என்ற பல் மருத்துவர் அந்த முறையைத் திருத்தி, 1789-இல் மன்னர் பதினாறாம் லூயியிடம் காப்புரிமை பெற்றார். 1808-இல் ஃபோன்சி என்ற இத்தாலியர், பிளாட்டினக் கொக்கி வைத்துத் தனித்தனிப் பீங்கான் பற்களைச் செய்து காட்டினார்.

இவையெல்லாம் விழுந்த பல்லுக்கு மாற்று. பல் இருக்கிறது, ஆனால் கறுத்தோ உடைந்தோ இருக்கிறது என்றால் என்ன செய்வது? அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்துச் சார்ல்ஸ் லேண்ட் என்ற பல் மருத்துவர், பல்லுக்குச் சட்டை போட்டாற்போல் பீங்கான் உறை போடும் வழியைக் கண்டார். ஆனால் உறை போட வேண்டுமானால், நல்ல பல்லைச் சுற்றிலும் இழைத்துச் சிறிதாக்க வேண்டும். ஒரு குறையை மறைக்கப் பல்லின் பெரும்பகுதியை இழக்க வேண்டியிருந்தது.

அடுத்து, கதை ஹாலிவுட்டுக்குப் போகிறது. 1930-களில் பேசும் படம் வளர்ந்து, நடிகர்களின் முகம் திரையில் பெரிதாகத் தெரிந்தது. பல் மருத்துவர் சார்ல்ஸ் பிங்கஸ், முன்பற்களின் மேல் வைக்கும் மெல்லிய தகடுகளைச் செய்து கொடுத்தார். குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிளுக்குப் பால்பல் விழுந்த இடைவெளி தெரியாமல் இருக்கவும் அவர் கைகொடுத்தார். ஆனால் தகடு பல்லோடு நிலையாக ஒட்டவில்லை. பல்செட்டுக்குப் போடும் ஒட்டுப்பொடியால் ஒட்டுவார்கள். படப்பிடிப்பு முடிந்ததும் கழற்றிவிடுவார்கள். திரையில் சிரிக்கலாம்; அதை வைத்துக்கொண்டு சாப்பிட முடியாது!

ஆக, அழகான தகடு செய்வது பெரிய காரியமாக இல்லை. ஒட்டுவதுதான் பெரும்பாடாக இருந்தது. 1955-இல் மைக்கேல் புவோனோகோர் என்பவர் அதற்கு வழி கண்டார். பல்லின் மேலே கடினமான எனாமல் படலம் இருக்கிறதல்லவா? அதன்மேல் பாஸ்பாரிக் அமிலத்தைச் சிறிது நேரம் தடவிக் கழுவினால், கண்ணுக்குத் தெரியாத நுண்குழிகள் உண்டாகின்றன. பசை அவற்றுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்கிறது. வழவழப்பான பழைய சுவரைக் கொத்திவிட்டு, பிறகு கொத்தனார் சாந்து பூசுவதில்லையா? அதே முறைதான். 1983-இல் சைமன்சன், கலாமியா என்ற இருவர், பீங்கானின் உட்புறத்தையும் வேறோர் அமிலத்தால் இவ்வாறே சொரசொரப்பாக்கலாம் என்று எழுதினார்கள். இரு பக்கமும் பிடிப்பு வந்தது. ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனமுள்ள பீங்கான் தகடு, பல்லோடு பல்லாக நிலைத்தது. இதைத்தான் இன்று வெனியர் என்கிறார்கள்.

நேயர்களே, இந்த வரலாற்றில் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். பீங்கானைத் தாங்கி நிற்பது நம்முடைய சொந்த எனாமல். அது ஒருமுறை போனால் மறுபடி வளராது. முனை உடைந்த பல், சிறு இடைவெளி, குழந்தைப் பருவத்தில் உண்ட டெட்ராசைக்கிளின் மருந்தால் உள்ளேயே நிறம் மாறிய பல் ஆகியவற்றுக்கு வெனியர் உதவும். சொத்தையும் ஈறு நோயும் இருந்தால் முதலில் அவற்றைக் குணப்படுத்தியாக வேண்டும். வெற்றிலைக் கறையோ பெரும்பாலும் மேற்பரப்பில் படிவது. பல் மருத்துவர் சுத்தம் செய்தாலே அது நீங்கும். அதற்கு வெனியர் தேவையில்லை.

கல்யாணம் காட்சி வருகிறதென்று, மலிவாகப் பல்லை வெள்ளையாக்குகிறோம் என்பவரை நம்பி நம் பிள்ளைகள் சிலர் போகிறார்கள். பல் மருத்துவம் படிக்காதவர், சொத்தையின் மேலேயே பசையைப் பூசித் தகட்டை ஒட்டிவிட்டால், உள்ளே பல் அழுகும். இடுக்கில் உணவு தங்கி ஈறு வீங்கும். வெளியே வெண்மை, உள்ளே வேதனை! பதிவு பெறாதவர் பல் வைத்தியம் செய்வது, மலேசியாவில் 2018-ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டப்படி குற்றமாகும்.

எத்தனையோ அறிஞர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடுபட்டு அறிந்தது இதுதான்: மேலே வைப்பது எவ்வளவு அழகானாலும், அடியில் இருப்பது உறுதியாக இருக்க வேண்டும். ஆகவே காலையும் இரவும் ஃபுளோரைடு கலந்த பற்பசையால் பல் துலக்குவோம். குழந்தைகளையும் துலக்கச் செய்வோம். வலி வரும்வரை காத்திராமல் பல் மருத்துவரிடம் காட்டுவோம்.