பாவலர் அண்ணனும் தம்பிகளும்

இளையராஜாவைப் பற்றி எழுதாதவர்கள் யாரும் பாக்கியில்லை. ஆகவே அவரை ஓரமாக உட்காரவைத்துவிட்டு, அவருடைய அண்ணன் பாவலர் வரதராஜனைப் பற்றியும், தம்பிகளைக் கூட்டிக்கொண்டு அவர் ஊர் ஊராக நடத்திய பாட்டுக் கச்சேரியைப் பற்றியும் இன்று எழுதுகிறேன். 'பாவலர்' என்ற சொல்லை நம் வயதுக்காரர்களில் பலர் சினிமா டைட்டிலில்தான் முதலில் பார்த்திருப்போம். அந்தப் பெயருக்கு உரியவர் அதற்கு வெகு முன்பே மேடையில் பாடி, சனங்களைச் சிரிக்கவைத்து, பேர் வாங்கி, மறைந்தும் போனவர்.

பண்ணைப்புரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்து ஊர். அப்போது மதுரை மாவட்டம், இப்போது தேனி. வரதராஜன், பாஸ்கர், ராசய்யா, அமர்சிங் என்று சகோதரர்கள் நால்வர். ராசய்யாதான் பின்னாளில் இளையராஜா, அமர்சிங் கங்கை அமரன். மூத்தவர் பாட்டுக் கட்டுவார், தானே பாடுவார், கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் முழங்குவார். கட்சிக்காரர்கள் அவரைப் 'பாவலர்' என்றார்கள். தம்பிகள் சேர்ந்ததும் குழுவின் பெயர் பாவலர் பிரதர்ஸ்.

அந்தக் காலத்துப் பொதுக்கூட்டம் எப்படி நடக்கும் என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். நம் மாதனூரில் ஒடுகத்தூர் சாலை பிரியும் பக்கம் நாலு பெஞ்சை இழுத்துப் போட்டு, ஒரு குழல் ஒலிபெருக்கியைக் கட்டிவிட்டால் அதுதான் மேடை. ஆறு மணிக் கூட்டம் என்று தட்டி வைப்பார்கள். பேச்சாளர் வாணியம்பாடியில் முடித்து, ஆம்பூரில் முடித்து, இங்கே வந்துசேர மணி பத்தைத் தாண்டிவிடும். அதுவரை சனத்தைக் கலையாமல் உட்காரவைப்பது பாட்டுக்காரர்கள் பாடு. டேனரியில் நாள் முழுக்க நின்று, உடம்பெல்லாம் தோல் வாடையோடு வந்தவன் எதற்கு உட்காருவான்? உபதேசம் செய்தால் எழுந்து போய்விடுவான். சிரிப்புக் காட்டினால் இருப்பான். இது நம் கூத்துக்காரர்களுக்கு எப்போதோ தெரிந்த விஷயம். கட்டியக்காரன் இல்லாமல் விடியவிடிய எந்தக் கர்ணனும் நின்றதில்லை.

வரதராஜனின் வித்தையும் அதுதான். ஊரெல்லாம் முணுமுணுக்கும் சினிமா மெட்டு ஒன்றை எடுத்துக்கொள்வார். வார்த்தை மட்டும் அவருடையது. கேலி, கிண்டல், கேள்வி-பதில் எல்லாம் உள்ளே வரும். மெட்டு முன்பே தெரிந்ததால் சனத்தின் காது வார்த்தையில் மட்டும் நிற்கும். 'கண்ணே' என்று வர வேண்டிய இடத்தில் கறுப்புச் சந்தை அரிசி வந்து நிற்கும்போது குபீரென்று சிரிப்பு வரும். மெட்டைக் கடன் வாங்குவது சோம்பேறித்தனம் என்று சங்கீதம் தெரிந்த என் நண்பர் ஒருவர் சொல்வார். எனக்கு அப்படிப் படவில்லை. தெரிந்த மெட்டில் தெரியாத வார்த்தையைச் சரியான தாளத்தில் இறக்கி, கடைசி வரிசையில் பீடி பிடித்துக்கொண்டிருப்பவனையும் சிரிக்கவைப்பது லேசான காரியமில்லை.

கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் 1957 ஆகஸ்டில் காலமானார். அவரும் மதுரமும் கணவன் மனைவியாக நின்று பாட்டிலும் சிரிப்பிலும் புத்தி சொன்ன காலம் அதோடு முடிந்தது. அடுத்த ஆண்டே மலை மேல் ஒரு தேர்தல் வந்தது. பாவலரின் பெயர் கட்சிக்கு வெளியேயும் பரவியது அதில்தான். அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

1956-இல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளம், பீர்மேடு இரண்டும் கேரளத்துக்குப் போயின. தேயிலைத் தோட்டத்துச் சனமோ பெரும்பாலும் தமிழர்கள். 1957 தேர்தலில் கேரளத்தில் கம்யூனிஸ்ட் கட்சி 126 இடங்களில் 60 பிடித்து, ஐந்து சுயேச்சைகளின் துணையோடு ஆட்சிக்கு வந்தது. இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு முதல்வர். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 65 பேர். பெரும்பான்மைக்கு 64 வேண்டும். இந்த நிலையில் தேவிகுளத்தில் ஜெயித்திருந்த ரோசம்மா புன்னூஸின் தேர்தல் செல்லாது என்று வழக்கில் தீர்ப்பாகி, 1958-இல் இடைத்தேர்தல் வந்தது. ஒரே ஒரு தொகுதிதான். ஆனால் ஆட்சியின் கழுத்தில் கத்தி.

லயத்து வீடுகளில் இருந்த தமிழ்த் தொழிலாளியிடம் மலையாளத்தில் பேசி என்ன பயன்? வரதராஜன் ஏறினார். எஸ்டேட் எஸ்டேட்டாகப் பாட்டு. அப்போது காங்கிரசுக்கு இரட்டைக் காளைச் சின்னம். காளை இரண்டையும் கேலி செய்து அவர் கட்டிய பாட்டு மலையெங்கும் பரவியது. கொழுந்து கிள்ளும் பெண்களுக்கு மாட்டைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது! அவர்கள் மாட்டை நினைத்துச் சிரித்தார்கள், சின்னம் மனசில் நின்றது. ரோசம்மா மறுபடி ஜெயித்தார். அந்த வெற்றி பாவலருக்கே சேர வேண்டும் என்று இ.எம்.எஸ். சொன்னதாக அந்தக் குடும்பத்தார் சொல்வார்கள். அரசாங்கம் என்னவோ 1959 ஜூலை 31-ஆம் தேதி கலைக்கப்பட்டது.

ஏறக்குறைய அந்த நேரத்தில்தான், பதினாலு வயதில், ராசய்யா அண்ணனோடு சேர்ந்தார். அவருக்குக் கொடுத்த வேலையைக் கேட்டால் சிரிப்பு வரும். பெண் குரல்! கணவன் மனைவி வாக்குவாதம், மாமியார் மருமகள் சண்டை என்று கேலிப் பாட்டுக்கு இரண்டு குரல் வேண்டும். பாட்டுக்காரியை வைத்துக்கொண்டு ராத்திரி பஸ்ஸில் ஊர் ஊராக அலைய எந்தக் கட்சிக் குழுவுக்குக் கட்டுபடியாகும்? வீட்டில் குரல் உடையாத தம்பி இருக்கிறான், போதும். பிறகு ராசய்யாவின் குரலும் உடைந்தது. பெண் குரல் அடுத்த தம்பி அமருக்குப் போயிற்று. ராசய்யா ஆர்மோனியத்துக்கு வந்தார்.

அந்த ஆர்மோனியம் வேறு ஒரு கதை. அண்ணன் அதைத் தொடவிடமாட்டார், தொட்டால் அடி விழும், அவர் இல்லாத நேரம் பார்த்து ஒளிந்து வாசித்துப் பழகினேன் என்று ராஜாவே மேடைகளில் சொல்லியிருக்கிறார். அண்ணன் கொடுமைக்காரர் என்று இதைப் படிக்க வேண்டாம். அந்தப் பெட்டி ஒன்றுதான் குடும்பத்தின் முதல். அதில் ஒரு ரீடு போனால் அடுத்த ஊர்க் கச்சேரி போச்சு.

அண்ணன் தம்பியாக மேடையேறுவது உலகமெங்கும் இருந்த வழக்கம். அமெரிக்காவில் சினிமாவுக்கு முன்னால் 'வாடவில்' என்று ஒன்று இருந்தது. ஒரே டிக்கெட்டில் பாட்டு, ஆட்டம், வித்தை, கோமாளி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும். நம் ஊர்த் திருவிழாவின் பல்சுவை நிகழ்ச்சி மாதிரி. அதில் உடன்பிறந்தோர் குழுக்கள் ஏராளம். டங்கன் சிஸ்டர்ஸ் என்று ரொசெட்டா, விவியன் இருவர். 'அங்கிள் டாம்ஸ் கேபின்' நாவலில் வரும் இரண்டு சிறுமிகளை வைத்து 1923-இல் 'டாப்சி அண்ட் ஈவா' என்ற பாட்டும் சிரிப்புமான நாடகம் போட்டார்கள். அமோக வெற்றி. பல வருடம் அதையே ஆடினார்கள். 1927-இல் அதைப் படமாகவும் எடுத்தார்கள். ஆனால் அதில் ரொசெட்டா முகத்தில் கரி பூசிக்கொண்டு அடிமைச் சிறுமியாக வந்து கோணங்கி செய்வார். சிரித்தவர்கள் யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று யோசித்தால் இன்று கூசுகிறது. 1959-இல் கார் விபத்தில் அடிபட்டு ரொசெட்டா இறந்தார். விவியன் 1986 வரை இருந்தார்.

அவர்களும் பண்ணைப்புரத்தாரும் வீட்டு வாசலில் கற்ற வித்தையை விற்றவர்கள்தான். ஒத்திகைக்குத் தனி இடம் வேண்டாம், பங்கு பிரிப்பதில் சண்டை குறைவு, ஒரே வீட்டுக் குரல்கள் சேர்ந்தால் அதில் ஒரு ஒட்டுதல் வரும். இதெல்லாம் எங்கும் பொது. ஆனால் பாவலர் கேலி செய்தது பதவியில் இருந்தவர்களை. சிரித்தவர்கள் கூலிக்காரர்கள். இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே அவர் கச்சேரியை அந்த நாடகத்துக்கு மேலே வைப்பேன்.

1964-இல் இரண்டு சம்பவங்கள். நேரு மறைந்தார், கம்யூனிஸ்ட் கட்சி இரண்டாக உடைந்தது. நேருவுக்காகக் கண்ணதாசன் எழுதிய இரங்கல் கவிதைக்கு ராசய்யா சொந்தமாக மெட்டுப் போட்டார். அவருடைய முதல் மெட்டு அதுதான் என்று சொல்வார்கள். காளை மாட்டைக் கேலி செய்த மேடையில் வளர்ந்த பையன் காங்கிரஸ் பிரதமருக்காக அழுது ஒரு மெட்டுப் போட்டான் என்பது எனக்குப் பிடித்த விஷயம். கடன் வாங்கிய மெட்டுகளில் பாடிக்கொண்டிருந்த வீட்டில் ஒருவனுக்குச் சொந்த மெட்டு பிறந்துவிட்டது என்றும் பார்க்கலாம். அப்போதே அண்ணனுக்குப் புரிந்திருக்கும், இவன் ரொம்ப நாள் நம்மோடு இருக்கமாட்டான் என்று.

அறுபதுகளின் கடைசியில் பாஸ்கர், ராசய்யா, அமர் மூவரும் சென்னைக்குக் கிளம்பினார்கள். சுகாதாரத் துறையில் மலேரியா வேலை பார்த்துக்கொண்டிருந்த அல்லிநகரத்து நண்பர் பாரதிராஜாவும் சினிமாவுக்கு வந்துசேர்ந்த காலம் அது. தாயார் சின்னத்தாயம்மாள் வீட்டிலிருந்த ரேடியோவை 400 ரூபாய்க்கு விற்றுப் பணத்தைக் கையில் கொடுத்தார். இந்த 400 ரூபாயைத் தமிழ்நாடே அறியும். மூன்று தம்பிகளும் போனபின் அண்ணனின் மேடையில் யார் நின்றார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. பெண் குரல் போயிற்று, ஆர்மோனியக்காரர் போயிற்று. 'பிரதர்ஸ்' என்று பேர் வைத்த குழுவில் அண்ணன் மட்டும் மிச்சம்.

இதை எழுதும்போது என் சொந்த அண்ணன் நினைவு வருவதைத் தடுக்க முடியவில்லை. பதினாறு வயதில் ஒரு டேனரிக்குப் போனார். சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கித் தோல் புரட்டும் வேலை. விரல் இடுக்கெல்லாம் வெந்து, சோற்றைப் பிசையும்போது முகம் சுளிப்பார். அந்தச் சம்பளத்தில்தான் நான் பி.யூ.சி. படித்தேன், தபால் இலாகாவில் சேர்ந்தேன், இன்று பென்ஷனில் உட்கார்ந்து கதை எழுதுகிறேன். நான் வேலை கிடைத்து வெளியூர் கிளம்பிய அன்று அவர் பஸ் ஏற்றிவிட வந்தார். சந்தோஷமாகத்தான் இருந்தார். பஸ் கிளம்பியபின் அவர் முகம் எப்படி இருந்தது என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. தம்பிகள் போயிருக்கக் கூடாது என்று யார் சொல்வார்கள்? போகத்தான் வேண்டும். ஆனால் போகிறவனின் கதையையே எல்லோரும் எழுதுகிறார்கள்.

சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் பாடம், ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளர் வேலை. ராசய்யா 'ராஜா' ஆனார். 1973-இல் பாவலர் வரதராஜன் காலமானார். மூன்று வருடம் கழித்து, 1976-இல், பஞ்சு அருணாசலம் தயாரிப்பில் 'அன்னக்கிளி' வந்தது. 'ராஜா'வுக்கு முன்னால் 'இளைய' சேர்ந்ததும் அப்போதுதான். அந்த வருடம் நம் சாலையோர டீக்கடைகளில் வேறு பாட்டே கிடையாது. பெங்களூர் போகும் லாரிக்காரர்கள் ஒரு டீயை வைத்துக்கொண்டு மூன்று பாட்டு கேட்டுவிட்டுப் போவார்கள். வயல்வெளிக் குரல், கிராமத்து மெட்டு என்று பத்திரிகைகள் வியந்தன. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், எழுந்து போகத் துடிக்கும் சனத்தின் முன்னால் ராத்திரி ராத்திரியாக வாசித்த கை அது. எந்த இடத்தில் தாளம் மாறினால் கூட்டம் நிமிர்ந்து உட்காரும் என்பதை அதற்கு முன்பே அந்தக் கை கற்றிருந்தது. அதைக் கற்றுக்கொடுத்தவர் கேட்க இல்லை.

தம்பிகள் பெயரை மறக்கவில்லை. பாவலர் கிரியேஷன்ஸ் என்று கம்பெனி வைத்தார்கள். பாஸ்கர் தயாரிப்பில் 1981-இல் 'அலைகள் ஓய்வதில்லை' வந்தது. ஆனால் அண்ணனின் சிரிப்பு யாரிடம் போய்ச் சேர்ந்தது என்றால், பெண் குரலில் பாடிய கடைக்குட்டியிடம்தான் என்பேன். கங்கை அமரன் 1989-இல் எடுத்த 'கரகாட்டக்காரன்' ஓடிய ஓட்டம் உங்களுக்குத் தெரியும். வாழைப்பழத்துக்கு வயிறு வலிக்கச் சிரித்தோம். அதன் கதையைப் பாருங்கள்: ஊர் ஊராகப் போகும் ஒரு ஆட்டக் குழு, ஓட்டை வண்டி, பேசின கூலி வருமா வராதா என்ற கவலை, நடுவில் கவுண்டமணியும் செந்திலும். அப்படிப்பட்ட வண்டியில் குலுங்கிப் போனவரால்தான் அதை எடுக்க முடியும். அவருடைய மகன்கள் வெங்கட் பிரபு, பிரேம்ஜி. 2007-இல் 'சென்னை 600028' படத்தை அண்ணன் இயக்க, தம்பி சிரிக்கவைத்தார். மறுபடியும் அண்ணன் தம்பி வியாபாரம்!

சினிமாப் பாட்டு இசைத்தட்டில் இருக்கிறது, காசெட்டில் இருந்தது, இப்போது பேரன் கைப்பேசியில் இருக்கிறது. மேடைப் பாட்டு அன்று ராத்திரிக்கு மட்டும். தேர்தல் முடிந்தால் அந்தக் கேலிக்கும் வேலை முடிந்தது. பாவலர் அந்த ராத்திரிகளுக்காகவே எழுதினார்.

ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடிப் பக்கம் பழைய தொழிற்சங்கக்காரர்கள் இன்னும் சிலர் இருக்கிறீர்கள். மே தினக் கூட்டங்களில் சினிமா மெட்டில் கேட்ட பாட்டு ஏதாவது, இரண்டு வரியானாலும், நினைவிருந்தால் தாளில் எழுதி வையுங்கள். நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன். முழங்கால் வலி இருக்கிறது, ஆனாலும் ஆம்பூர் வரை பஸ்ஸில் வரலாம்.